ஸ்லே ரைட்: எந்தப் பதிவை முதலில் கேட்பது?

டிரம்பெட் அப்பா:
மகள் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். டிசம்பர் நிகழ்ச்சிக்கு ஸ்லே ரைட் (Sleigh Ride, குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பயணத்தைப் பற்றிய இசை) கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ராணெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடியது மட்டும்தான், அதைப் போட்டுக் காட்டினால் "நடுவில் எங்களுக்கு ஒரு பெரிய பகுதி வருகிறது, அது இதில் இல்லையே" என்கிறாள். கடைசியில் டிரம்பெட்டிலேயே குதிரை மாதிரி வேறு கனைக்க வேண்டுமாம். எதைக் கேட்கச் சொல்லலாம்?

பழைய தட்டு:
ராணெட்ஸைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இது முதலில் பாட்டே இல்லை, வரிகள் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா இசை. இசையமைப்பாளர் லீராய் ஆண்டர்சன் இதை ஆரம்பித்தது 1946 ஜூலையில், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது! முடித்தது 1948 பிப்ரவரியில். அந்த மே மாதமே ஆர்தர் ஃபீட்லர் நடத்த பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது, அடுத்த வருஷம் ரெக்கார்டும் வந்தது. மிட்செல் பாரிஷின் வரிகள் 1950இல்தான் வந்து ஒட்டிக்கொண்டன. அதனால் முதலில் ஃபீட்லர், அப்புறம் ஆண்டர்சனே நடத்தி டெக்கா ரெக்கார்டு கம்பெனி வெளியிட்ட பதிவு. பின்பாதியில் பித்தளை வாத்தியங்கள் திடீரென்று ஜாஸுக்குத் தாவும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், டிரம்பெட்காரர்களுக்கு அங்கேதான் வேலை.

ராத்திரி ரேடியோ:
ராணெட்ஸை ஒதுக்கச் சொன்னதற்குக் கண்டனம். :) 1963இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்காக அவர்கள் பாடியது, பின்னணியில் அந்த "டிங் டாங் டிங்" இல்லாமல் இன்றைக்கு யாருக்காவது இந்த மெட்டு ஞாபகம் வருமா? நடுப்பகுதியை அவர்கள் வெட்டியதும் சரிதான் என்பேன். அங்கே சுருதி சட்டென்று வேறு இடத்துக்குப் போய்விடும், கச்சிதமாகப் பாடாவிட்டால் அசிங்கமாகிவிடும்.

ஆல்ட்டோ அக்கா:
கச்சிதமாகப் பாடியவர்களும் இருக்கிறார்களே. பெர்சி ஃபெய்த் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஜானி மாத்திஸ், 1958. கேட்டுப் பாருங்கள், கஷ்டமான இடம் என்றே தெரியாது. ஸ்விங் பாணி ஜாஸ் வேண்டுமென்றால் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு, 1960. இன்னொன்று, பாரிஷின் வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. ஒரு விவசாயி வீட்டில் நடப்பது பிறந்தநாள் விருந்து. கார்ப்பென்டர்ஸ் என்ற பாப் குழு அதைக் கிறிஸ்துமஸ் விருந்தாக மாற்றிப் பாடினார்கள், எனக்கென்னவோ அது தேவையில்லாத வேலை.

டிரம்பெட் அப்பா:
நன்றி. ஃபீட்லர் பதிவைக் கேட்டதும் "இதுதான், இதுதான்" என்று குதிக்கிறாள். அந்தக் கனைப்பு மட்டும் எப்படி?

பழைய தட்டு:
வால்வுகளை முழுக்க அழுத்தாமல் பாதியில் நிறுத்தி, உதட்டைத் தளர்த்திக்கொண்டே ஸ்வரத்தை நடுக்கத்தோடு கீழே வழுக்க விட வேண்டும். பேண்டில் யார் வாசித்தாலும் வீட்டில் ஒரு வாரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். நடுவில் கேட்கும் சாட்டை அடிச் சத்தம் டிரம்பெட் இல்லை, கீல் போட்ட இரண்டு மரப்பலகைகளைப் பட்டென்று சேர்ப்பார்கள். குளம்புச் சத்தம் டெம்பிள் பிளாக் என்கிற மரக்கட்டைகளில் தட்டுவது. கனைப்பு ஒரே ஒருவர் வாசிப்பது, அதனால் அது உங்கள் மகளுக்குத்தானா என்று ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

ராத்திரி ரேடியோ:
அவளுக்கு இல்லையென்றாலும் கற்றுக்கொள்ளட்டும், கனைக்கப் போகிறவருக்கு நிகழ்ச்சியன்று ஜலதோஷம் வரலாம்.