ஜீரோஎம்க்யூ பப்-சப்: முதல் செய்திகள் வரவில்லை, நடுவிலும் ஓட்டை

கேள்வி

பைத்தானில், ஜீரோஎம்க்யூ (புரோகிராம்களுக்கு இடையே செய்தி அனுப்பும் லைப்ரரி) வழியாக, 12 சென்சார்களின் அளவுகளை ஒரு புரோகிராம் பப் சாக்கெட்டில் (கேட்பவர் எல்லாருக்கும் அனுப்பும் முனை; டிசிபி, போர்ட் 5556, பைண்ட்) அனுப்புகிறது. இன்னொன்று சப் சாக்கெட்டில் (சப்ஸ்கிரைப் செய்து கேட்கும் முனை) வாங்கி, ஒவ்வொரு வரியாக எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதி கமிட் செய்கிறது (நிரந்தரமாகச் சேமிக்கிறது). வரிசை எண் போட்டு 20,000 செய்திகளை ஒரே லூப்பில் அனுப்பிப் பார்த்தேன். முதலில் வந்து சேர்வதே 340-ஐத் தாண்டிய எண்தான். சில ஆயிரம் போன பிறகு நடுநடுவே எண்கள் விட்டுப்போகின்றன. எர்ரர் எதுவும் இல்லை. டிசிபியில் போகும் செய்தி எப்படித் தொலையும்? ஹை வாட்டர் மார்க்கை (க்யூவில் சேரக்கூடிய செய்திகளின் வரம்பு) 0 ஆக்கினால் சரியாகிவிடுமா?

பதில் 1

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலாவதை மட்டும் சொல்கிறேன்.

சப் பக்கம் கனெக்ட் அழைப்பு உடனே திரும்பிவிடும். உண்மையான இணைப்பு, ஹேண்ட்ஷேக், சப்ஸ்கிரிப்ஷன் போய்ச் சேருவது எல்லாம் பின்னணி திரெட்டில் நடக்கிறது. அது முடியும்வரை பப்புக்குக் கேட்பவர் யாரும் இல்லை. கேட்பவர் இல்லாத செய்தியை அது அங்கேயே விட்டுவிடும். ரிசீவரை முன்கூட்டியே ஓடவிட்டாலும் தீராது, ஏனென்றால் இணைப்பு கிடைக்காதபோது மறுமுயற்சி இயல்பாக 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான்.

அனுப்பும் முன் ஒரு செகண்ட் ஸ்லீப் போடுவது மேசையில் வேலை செய்யும், நெட்வொர்க் மெதுவானால் கைவிடும். பப்புக்குப் பதில் எக்ஸ்பப் (சப்ஸ்கிரிப்ஷன்களை உங்களுக்கும் காட்டும் பப்) வையுங்கள். யாராவது சப்ஸ்கிரைப் செய்தால் அதுவே உங்களுக்கு ஒரு செய்தியாக வரும்: முதல் பைட் 1, அடுத்து டாபிக் (கேட்க விரும்பும் செய்திகளின் தொடக்கப் பெயர்). அதை ரிசீவ் செய்த பிறகு அனுப்ப ஆரம்பியுங்கள். ஒரே டாபிக்கை இரண்டு பேர் கேட்டால் இரண்டாமவரின் செய்தி உங்களுக்குக் காட்டப்படாது. அதுவும் வேண்டுமென்றால் எக்ஸ்பப் வெர்போஸ் ஆப்ஷனை 1 ஆக்க வேண்டும்.

பதில் 2

நடுவில் விழும் ஓட்டைக்குக் காரணம் கமிட். எஸ்க்யூலைட் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். அதற்குள் ரிசீவர் க்யூ நிறைகிறது, பிறகு டிசிபி பஃபர், பிறகு பப் பக்கத்து க்யூ. இரு பக்கமும் இயல்பான வரம்பு 1000 செய்திகள். அது நிறைந்ததும் பப் காத்திருக்காது, அந்த சப்புக்குரிய செய்தியைச் சத்தமில்லாமல் கைவிடும். டிசிபி எதையும் தொலைக்கவில்லை. அந்தச் செய்தி டிசிபிக்கே போகவில்லை.

0 ஆக்காதீர்கள். 0 என்றால் வரம்பே இல்லை. ரிசீவர் தொடர்ந்து மெதுவாக இருந்தால் அனுப்பும் பக்கம் மெமரி தீர்ந்து சாகும். ஜீரோஎம்க்யூ 2-ஆம் பதிப்பில் இயல்பே அப்படித்தான் இருந்தது, பழைய குறிப்புகளில் அந்த யோசனை அதனால்தான் வருகிறது.

முதலில் 500 வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றுங்கள். அடுத்து, ஒன்றுகூட விடக்கூடாத டேட்டாவுக்கு பப்-சப் பொருந்தாது. புஷ்-புல் (ஒரு பக்கம் அனுப்பும், மறு பக்கம் வாங்கும் சாக்கெட் ஜோடி) எடுங்கள், புஷ் க்யூ நிறைந்தால் நின்று காத்திருக்கும். சென்சார் வாசிப்பும் கூடவே நின்றுவிடாமல் செண்ட் டைம்அவுட் 1000 மில்லிசெகண்ட் வையுங்கள். தாண்டினால் அகெய்ன் எக்ஸெப்ஷன் (இப்போது முடியாது, பிறகு முயலுங்கள் என்ற எர்ரர்) வரும், அப்போது ஃபைலில் எழுதி வைக்கலாம். வரம்பை மாற்றுவதானால் பைண்ட் அல்லது கனெக்டுக்கு முன் மாற்றுங்கள், 4.2-க்கு முந்தைய பதிப்புகளில் பிறகு செய்தால் அந்த இணைப்புக்குப் பலன் இல்லை.

கேட்டவர்

புஷ்-புல் மாற்றியதும் 20,000-மும் வந்தன, நன்றி. இரண்டு சந்தேகம். புஷ் பக்கம் கனெக்ட் செய்கிறேன். ரிசீவர் நின்றிருந்தால் அனுப்பும் புரோகிராம் முடியாமல் தொங்குகிறது. திரையில் காட்ட மட்டும் பப்-சப்பை வைத்திருக்கிறேன். அதில் 'சென்சார்1' என்று கேட்டால் 10, 11, 12-உம் வருகின்றன.

பதில் 2

தொங்கக் காரணம் லிங்கர் (மூடும்போது, அனுப்பாத செய்திகளுக்காகக் காத்திருக்கும் நேரம்). அதன் இயல்பு மதிப்பு -1: க்யூவில் இருப்பது போகும்வரை கான்டெக்ஸ்ட் (சாக்கெட்டுகளை வைத்திருக்கும் ஜீரோஎம்க்யூ பொருள்) மூடாது. கனெக்ட் செய்த புஷ், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் க்யூவில் சேர்த்துக்கொண்டே இருக்கும். லிங்கரை 2000 மில்லிசெகண்ட் ஆக்குங்கள். அதற்குள் போகாதது கைவிடப்படும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். புல் பக்கத்து க்யூவில் இருப்பவையும் ரிசீவர் கிராஷ் ஆனால் போய்விடும். அதுவும் கூடாதென்றால் டீலர்-ரவுட்டர் (இரு திசையிலும் செய்தி போகும் சாக்கெட் ஜோடி) எடுத்து, கமிட் ஆன கடைசி வரிசை எண்ணை ரிசீவர் திருப்பி அனுப்பும்படி நீங்களே எழுத வேண்டும்.

பதில் 1

டாபிக் ஒப்பீடு முதல் ஃபிரேமின் (செய்தியின் ஒரு பகுதி) தொடக்க பைட்டுகளை மட்டும் பார்க்கும். பெயர்களை 'சென்சார்01' என்று இரண்டு இலக்கமாக்குங்கள், அல்லது முடிவில் ஒரு முக்காற்புள்ளி சேருங்கள்.

திரைக்குக் கடைசி அளவு போதும் என்று கான்ஃப்ளேட் ஆப்ஷனைத் தொடத் தோன்றும். அது டாபிக்குக்கு ஒன்று என்று வைக்காது, மொத்தமாகவே கடைசிச் செய்தி ஒன்றைத்தான் வைக்கும். 12 சென்சாரில் 11 காணாமல் போகும். பல ஃபிரேம் செய்திகளையும் அது ஆதரிக்காது. நோபிளாக் (காத்திருக்காத) முறையில் அகெய்ன் வரும்வரை எல்லாவற்றையும் வாசித்து, சென்சார் பெயரைச் சாவியாக வைத்த டிக்ஷனரியில் மேலெழுதிவிட்டு, பிறகு திரையை வரையுங்கள். வாசிப்பதை வேறு திரெட்டுக்கு மாற்றினால் சாக்கெட்டை அந்தத் திரெட்டிலேயே உருவாக்குங்கள். கான்டெக்ஸ்டைப் பகிரலாம், இந்த சாக்கெட்டைப் பகிரக்கூடாது.