கடலுக்குப் போகிறவனுக்கும் ஆண்டவர் ஒரு திட்டம் வைத்திருக்கிறாரா?

தங்கச்சிமடம் தம்பி:
வயது 26. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் சென்னைப் பக்கம் வேலை பார்த்தேன், அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து விசைப்படகில் ஏறிவிட்டேன். பூசைக்குத் தவறுவதில்லை, அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற பங்குக் குழு) வாசகமும் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு தியானத்தில் விவிலியத்தின் எரேமியா 29:11-ஐச் சொல்லி, உனக்கென்று ஆண்டவர் ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடி என்றார்கள். அன்றிலிருந்து வலையை விட்டு இழுக்கிற நேரமெல்லாம் படகின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து இதே யோசனைதான். இதுதான் என் வாழ்க்கையா, இல்லை அவர் வைத்ததை விட்டுவிட்டு வந்துவிட்டேனா? ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்குள் ஒரு தெளிவு வேண்டும்.

தொண்டி வாத்தியார்:
தம்பி, அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் 29-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட சனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் ஊர் திரும்புவோம் என்று காத்திருந்தவர்களிடம், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற நகரத்துக்காக மன்றாடுங்கள் என்கிறார். திரும்புவதற்கு 70 வருடம் ஆகும் என்றும் சொல்கிறார். கடிதம் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள். அந்த வசனத்தில் 'உங்களுக்கு' என்று வருவது தனி ஆளுக்குச் சொன்னது இல்லை, ஒரு சனத்துக்கே சொன்னது. நீ கண்டுபிடிக்கத் தவறினால் கைநழுவிப் போகிற இரகசியம் மாதிரி அதைச் சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

மண்டபம் அக்கா:
நான் படித்தவள் இல்லை தம்பி, பட்டதைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் கடலில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. எதற்கு என்னை மட்டும் விட்டு வைத்தாய் என்று அந்தோனியார் கெபி (சின்னக் குகைக் கோயில்) முன்னால் அழாத நாள் இல்லை, ஒரு பதிலும் வரவில்லை. அப்புறம் கடலில் பாசி எடுக்கப் போனேன். முதல் நாள் பாறை அறுத்து பத்து விரலும் இரத்தம். உப்புத்தண்ணீர் பட்டு உயிர் போகிற மாதிரி எரிந்தது. கூட வந்த ஒரு பாட்டி தன் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றிக் கட்டிவிட்டார், நகத்துக்குக் கீழே இறுக்கம், கணுவில் தளர்ச்சி, அப்போதுதான் விரல் மடங்கும். அன்று ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் அழாமல் ஜெபம் சொன்னேன். இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் கட்டிவிடுகிறேன். சாமி என்னை எதற்கு வைத்திருக்கிறார் என்று இப்போது நான் கேட்பதில்லை.

ஓரியூர் செம்மண்:
அக்கா சொன்னது நெஞ்சைத் தொட்டது. ஆனால் இருக்கிற இடத்திலேயே இரு என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்ச்சுகலில் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, அம்மா தடுத்தும் 1673-ல் கப்பல் ஏறி வந்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கேயே இருக்கச் சொன்னார்கள், இருக்காமல் நம் இராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமைக்கே திரும்பினார், 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்தார். கிளம்பிப் போகச் சொல்கிற அழைப்பும் உண்டு. அதனால் சென்னை ஞாபகம் வந்தால் அதைப் பாவம் மாதிரி அமுக்காதே, ஆண்டவரிடமே எடுத்துச் சொல். ஒன்று மட்டும்: மனம் வறண்டு கிடக்கும்போது எந்த முடிவையும் மாற்றாதே என்பது அவர் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்தது. நீ இப்படிக் குழம்பிக் கிடக்கிற இந்த நேரம் முடிவை மாற்ற ஏற்றது இல்லை.

தங்கச்சிமடம் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. அதிகாரம் முழுக்க வாசித்தேன் வாத்தியாரே, அப்புறம் தூக்கம் வராமல் யோவான் 21-க்கும் போனேன். ராத்திரி முழுக்க ஒன்றும் படாமல் வந்தவர்களுக்குக் கரையில் ஆண்டவர் கரித்தீ மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார். பேதுருவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் கேட்கிறார். அவர் சொல்லி வலை போட்டதில் 153 மீன் பட்டது எனக்குத் தெரியும், இந்த வரிசையை இத்தனை வருடத்தில் கவனித்ததே இல்லை.

சென்னை பற்றி இப்போதைக்கு முடிவு எடுக்கவில்லை அண்ணா. எங்கள் படகில் 18 வயசுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான், எஞ்சின் சத்தம் மாறினாலே என் முகத்தைத்தான் பார்ப்பான். தடைக்காலத்தில் எஞ்சினைப் பிரிக்கும்போது கூட இருக்கட்டுமா என்று ரெண்டு தடவை கேட்டான், நான் பதிலே சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அவனிடம் வா என்று சொல்கிறேன்.