ஐடி சர்வீஸஸ்: அப்போ யார் கத்துக்கொடுத்தாங்க, இப்போ யார் கத்துக்கொடுக்கிறாங்க?

மெயின்ஃப்ரேம், 1998ல் சேர்ந்தவர்

நான் மெயின்ஃப்ரேம்ல, அதாவது பேங்க் மாதிரி பெரிய நிறுவனங்க ஓட்டுற பெரிய கம்ப்யூட்டர்ல, வேலைக்குச் சேர்ந்தப்போ ஒய்2கே, அதாவது 2000 பொறந்தா கம்ப்யூட்டர் தேதிக் கணக்கு தப்பாயிடும்ங்கிற பிரச்சனை, உச்சத்துல இருந்துச்சு. வருஷத்தை ரெண்டே இலக்கத்துல வெச்சிருந்த கோபோல்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதின பழைய புரோகிராம்களை வரிவரியாப் படிச்சு, தேதி எங்கெல்லாம் வருதுன்னு குறிச்சு மாத்தணும். சில இடத்துல நாலு இலக்கமா விரிச்சோம். ஃபைல் லேஅவுட்டை (எந்தத் தகவல் எந்த இடத்துலங்கிற அமைப்பை) தொடக்கூடாதுன்னு கிளையண்ட் சொன்ன இடத்துல விண்டோயிங்: 00லேர்ந்து 49 வரைக்கும் வந்தா 2000த்தோட சேர்த்துக்கோ, 50லேர்ந்து 99 வரைக்கும்னா 1900த்தோட. லீப் வருஷக் கணக்குலயும் சில புரோகிராம்ல ஓட்டை இருந்துச்சு. நூறால வகுபட்டா லீப் இல்லைங்கிற விதியோட நின்னுட்டாங்க, நானூறால வகுபட்டா லீப்தான்ங்கிறதை விட்டுட்டாங்க. அந்தக் கணக்குப்படி 2000 பிப்ரவரிக்கு 29ஆம் தேதியே கிடையாது.

வெளியில இருந்து பார்த்தா சலிப்பான வேலை. ஆனா பேங்க்ல வட்டி எப்படி ஏறுது, இன்ஷூரன்ஸ் பாலிசி எப்போ காலாவதி ஆகுதுன்னு எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கல. அந்தப் புரோகிராம்களைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஒரு நைட் பேட்ச், அதாவது ராத்திரில மொத்தமா ஓடுற வேலை, இன்னும் மனசுல நிக்குது. ஜாப் எஸ்0சி7ல விழுந்துடுச்சு. கணக்குப் போட வேண்டிய ஃபீல்டுல எண்ணே இல்லைன்னா வர்ற அபெண்ட் அது, அதாவது புரோகிராம் பாதில நின்னுடும். டீம்ல சீனியரா ஒரு அக்கா இருந்தாங்க. நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, "நான் கீபோர்டைத் தொட மாட்டேன், நீயே கண்டுபிடி"ன்னாங்க. பிரிண்ட் எடுத்த டம்ப்பை (புரோகிராம் நின்ன நேரத்து மெமரி நகலை) விரிச்சு, நின்ன இடத்தோட ஆஃப்செட்டைப் புரோகிராமோட கம்பைல் லிஸ்டிங்கோட ஒப்பிட்டு, எந்த ஸ்டேட்மென்ட்னு பிடிச்சேன். அந்த ஃபீல்டுல 40 40 40ன்னு இருந்துச்சு. மெயின்ஃப்ரேம்ல 40ன்னா ஸ்பேஸ். தொகை இருக்க வேண்டிய இடத்தை யாரோ வெறுமையா விட்டு அனுப்பியிருக்காங்க. உடனே ரீஸ்டார்ட் பண்ணப் போனேன். அக்கா தடுத்து, "முதல்ல இந்த ஃபைல் யார்கிட்டேருந்து வருதுன்னு கேளு"ன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் புரொடக்‌ஷன்ல (கிளையண்ட் நிஜமாப் பயன்படுத்துற சிஸ்டத்துல) எது உடைஞ்சாலும் நான் கேக்கற முதல் கேள்வி அதுதான்.

இன்னிக்கு எங்க டீம்ல புதுசா சேர்றவங்களுக்கு அப்படி ஒரு ராத்திரி கிடைக்கறதில்லை. அதனாலதான் இந்த இழையை ஆரம்பிச்சேன். உங்களுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?

டெஸ்டிங், 2005ல் சேர்ந்தவர்

அண்ணா சொன்ன காலத்துக்கு அப்புறம் வந்தவ நான். எங்க காலத்துல எல்லாருக்கும் ஒரே கனவு, ஆன்சைட், அதாவது கிளையண்ட் நாட்டுக்கே போய் வேலை பார்க்கறது. அமெரிக்கா 2001லேர்ந்து 2003 நிதியாண்டு வரைக்கும் எச்-1பி வேலை விசாவோட வருஷ வரம்பை 1,95,000ஆ வெச்சிருந்துச்சு. 2004 நிதியாண்டுல திரும்ப 65,000க்கு இறக்கிட்டாங்க. 2007 ஏப்ரல்ல விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்ச முதல் நாளே வரம்பைத் தாண்டி, குலுக்கல் வரைக்கும் போச்சு. எங்க டீம்ல திறமையில எந்தக் குறையும் இல்லாதவங்க பலபேர் அந்தக் குலுக்கல்ல நின்னுபோனாங்க. அதைப் பக்கத்துல இருந்து பார்த்தது ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

நான் கத்துக்கிட்டது ரெக்ரெஷன் டெஸ்டிங்ல, அதாவது புது மாற்றம் பழசை உடைக்கலையேன்னு பார்க்கற வேலையில. ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே எக்செல் ஷீட், அதே டெஸ்ட் கேஸ். திரும்பத் திரும்ப ஓட்டினதுலதான் அப்ளிகேஷன் முழுக்க மனப்பாடம் ஆச்சு. இந்த ஸ்க்ரீன்ல ஒண்ணைத் தொட்டா எந்த ரிப்போர்ட் உடையும்னு டெவலப்பர்ஸ் எங்ககிட்ட வந்து கேப்பாங்க. அப்புறம் டெஸ்டைத் தானா ஓட்டுற செலினியம்ங்கிற டூல் வந்துச்சு. ஓட்டுற வேலை ஸ்க்ரிப்டுக்குப் போச்சு, ரெக்ரெஷன் ஒரே ராத்திரில முடிஞ்சுது. நல்லதுதான். ஆனா எனக்கு அடுத்து வந்த பசங்களுக்கு ஸ்க்ரிப்ட் தெரிஞ்சுது, அப்ளிகேஷன் தெரியல.

2008 செப்டம்பர்ல அமெரிக்க பேங்க் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் பேங்கிங் புராஜெக்ட்ல இருந்த எங்களுக்குச் சூடு நேரா வந்துச்சு. பெஞ்ச்ங்கிற வார்த்தையை, அதாவது புராஜெக்ட் இல்லாம காத்திருக்கறதை, கேட்டாலே பயம். அதுக்கு முன்னாடி பெஞ்ச்ல இருந்தா ட்ரெயினிங் போவாங்க, சர்டிஃபிகேஷன் முடிப்பாங்க. அதுக்கப்புறம் எச்ஆர் கூப்பிடுவாங்களோன்னு காத்திருந்தாங்க.

டேட்டா புராஜெக்ட், 2020ல் சேர்ந்தவர்

லாக்டவுன்ல சேர்ந்தேன். லேப்டாப் கூரியர்ல வந்துச்சு. டீம்ல யாரோட முகத்தையும் ரொம்ப நாள் பார்த்ததே இல்லை, எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணித்தான் இருப்பாங்க. வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்கிற கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) எல்லாம் ரெக்கார்ட் பண்ணின வீடியோ. சந்தேகம்னா சாட்ல "ஹாய்"னு போட்டுட்டு, பச்சைப் புள்ளி எப்போ வரும்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கணும். பக்கத்து சீட்டா இருந்தா எட்டிப்பார்த்து அரை நிமிஷத்துல கேட்டிருக்கலாம்.

ஆனா வீட்டுலேர்ந்து வேலை பார்த்ததுல எல்லாமே கெட்டதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தினமும் மணிக்கணக்கா பஸ்ல போகாம, உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கிட்டே வேலையைக் காப்பாத்திக்க முடிஞ்சுது. இப்போ வாரத்துல பாதி நாள் ஆபீஸ். போய் உக்காந்தாலும் மீட்டிங் கால்ல இருக்கறவங்க எல்லாம் வேற ஊர்ல இருக்காங்க.

ஒரு ரிப்போர்ட்ல சில கஸ்டமர் ரெண்டு தடவை வந்தாங்க. ஏஐ டூல்கிட்ட கேட்டேன். ஒரே மாதிரி வரிகளை ஒண்ணாக்கற டிஸ்டிங்ட் போடச் சொல்லுச்சு. போட்டா ஒண்ணாத்தான் வரும், புகார் டிக்கெட்டையும் மூடிடலாம். என் டீம் லீட் அந்த மீட்டிங் கால்லயே இருந்தாங்க. "ஏன் ரெண்டு வருதுன்னு தெரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. டேபிள்களைச் சேர்க்கற ஜாயினைப் பிரிச்சுப் பார்த்தோம். அந்தக் கஸ்டமர்களுக்கெல்லாம் பழைய முகவரியை மூடாமலே புதுசு சேர்த்திருந்தாங்க. டிஸ்டிங்ட் போட்டிருந்தா இந்த ரிப்போர்ட்ல தெரியாம போயிருக்கும், லெட்டர் ரெண்டு முகவரிக்கும் போயிக்கிட்டே இருந்திருக்கும். எனக்கு அந்த மாதிரி ஒரு லீட் கிடைச்சது பெரிய கொடுப்பினை.

டெலிவரி மேனேஜர்

கணக்கு பார்க்குற இடத்துல இருந்து சொல்றேன். நம்ம தொழில் நின்னதே பிரமிட்லதான். மேல கொஞ்சம் பேர், கீழ நிறைய ஃப்ரெஷர்ஸ், தலைக்கு இத்தனைன்னு பில்லிங். ஃப்ரெஷர்ஸ் கத்துக்கிட்ட செலவு அந்தப் பில்லிங்குக்குள்ளயே அடங்கிடும், யாரும் தனியா கணக்கு கேட்டதில்லை. இப்போ கிளையண்ட், "ஏஐ வெச்சிருக்கீங்களே, ஏன் இத்தனை பேர்?"னு காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதே கேக்கறாங்க. முதல்ல வெட்டுப்படுறது கீழ்த்தட்டு. எல்1 டிக்கெட் (முதல் கட்டப் புகார்), மேனுவல் டெஸ்டிங், சின்னச் சின்னப் பிழைதிருத்தம், எல்லாமே. ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருஷத்துக்கு மேல பெருசா நகரவே இல்லை. அந்த அநியாயத்தோட இப்போ கத்துக்கற இடமும் போகுது. ஆர்க்கிடெக்ட் வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க, அவங்க எங்கேருந்து வருவாங்க?

மெயின்ஃப்ரேம், 1998ல் சேர்ந்தவர்

சார் கேட்ட கேள்விதான் எனக்கும் தூக்கத்தைக் கெடுக்குது. எங்க டீம்ல இப்போ ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கோம். புரொடக்‌ஷன் பிரச்சனை வந்தா, அவசரம் அனுமதிச்சா, முதல் அரைமணி நேரம் ஸ்க்ரீன் ஷேர் பண்றது புதுசா சேர்ந்தவங்கதான். சீனியர் கூட இருப்பாங்க, கேள்வி மட்டும் கேப்பாங்க. ஏஐ டூலை அந்த நேரம் திறக்கறதில்லை. அந்த அரைமணியை டைம்ஷீட்ல எந்த பில்லிங் கோட்ல போடறதுன்னு இன்னும் மேல பேசிக்கிட்டு இருக்கோம். டெலிவரி சைடுல இருக்கறவங்க யாராவது இதைப் பில்லிங்ல ஏத்திக் காட்டியிருந்தா, எப்படிச் செஞ்சீங்கன்னு இங்க எழுதுங்க.