முன் கண்ணாடியைக் கல்லடியிலிருந்து காக்கப் படலம் ஒட்டுவது பயன் தருமா?

செங்கை வாசி:
வணக்கம். வேலை நிமித்தமாகச் செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அடிக்கடி காரில் சென்று வருகிறேன். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் செல்ல நேரும்போதெல்லாம் முன் கண்ணாடியில் பொடிக்கற்கள் தெறிக்கின்றன. சென்ற வாரம் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் மிளகளவு சில்லு ஒன்று பெயர்ந்துவிட்டது. விரிசல் இன்னும் ஓடவில்லை. கார் அலங்காரக் கடையில் செராமிக் பூச்சு, அல்லது கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் பாதுகாப்புப் படலம், இரண்டில் ஒன்றைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இவை உண்மையில் கல்லைத் தாங்குமா? பெயர்ந்த சில்லை அப்படியே விட்டுவைக்கலாமா?

நெடுஞ்சாலைப் பயணி:
செராமிக் பூச்சு மழைநீர் வழுக்கி ஓடுவதற்கும் அழுக்கு எளிதில் துடைபடுவதற்கும் உதவும். அவ்வளவு மெல்லிய பூச்சு கல்லைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிப்புறப் படலத்தின் நிலை வேறு. அது சிறு கற்களின் வேகத்தை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும் என்றாலும், வைப்பர் ஓட ஓட அதில் கீறல் விழுந்து மங்கும். இரவில் எதிர் வண்டியின் விளக்கொளி அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே, அவ்வப்போது மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதிப்படி முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பதால், நிறமேற்றிய படலத்தைத் தவிர்ப்பதே நல்லது.

என்னைக் கேட்டால், இடைவெளியைவிடச் சிறந்த பாதுகாப்பு கடையில் கிடைக்காது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 100க்கு உயர்த்தினால், சாலையில் துள்ளி நிற்கும் அதே கல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றலோடு கண்ணாடியைத் தாக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். மூன்று நொடி இடைவெளி விட்டால் 75 மீட்டர் கிடைக்கும். தார்ப்பாய் மூடாத லாரியாக இருந்தால் இன்னும் பின்தங்குங்கள், அல்லது தடம் மாறி விரைவாகக் கடந்துவிடுங்கள். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டே போவதுதான் மிக மோசமானது. மூடாமல் ஏற்றிச் செல்பவர்களைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான கற்கள் பாரத்திலிருந்து விழுவதில்லை, சாலையில் கிடப்பவற்றை டயர் எற்றிவிடுகிறது.

கண்ணாடி வேலைக்காரன்:
சில்லை விட்டுவைக்காதீர்கள், ஐயா. பக்கக் கண்ணாடிகள் உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். முன் கண்ணாடி அப்படியன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழித் தாள் வைத்து ஒட்டப்பட்டது. கல் பெரும்பாலும் வெளித் தகட்டை மட்டுமே பெயர்க்கிறது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, ரெசின் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைத்தால் விரிசல் பரவாது. தழும்பு இலேசாகத் தெரியும். அதை முற்றிலும் மறைப்பதாக உறுதி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் உள்ள சேதத்தையும் ஓரம்வரை ஓடிய விரிசலையும் நாங்கள் சரிசெய்ய ஒப்புக்கொள்வதில்லை.

பட்டறைக்குப் போகும்வரை சில்லின் மேல் நிறமற்ற செல்லோடேப் ஒட்டுங்கள். நீரும் தூசியும் புகுந்துவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியின் குளிர்காற்றை நேராகக் கண்ணாடியின் மேல் திருப்புவதும், கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஒரு பகுதி சுருங்க மறுபகுதி விரிந்தே இருப்பதால், மிளகளவு சில்லிலிருந்து கோடு ஓடிவிடும்.

செங்கை வாசி:
விளக்கத்துக்கு மிக்க நன்றி. படலம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்தச் சில்லுக்குக் காப்பீட்டில் கோரலாமா?

பாலிசி பார்ப்பவர்:
முழுக் காப்பீடு இருந்தால் கோரலாம். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. இருப்பினும் கட்டாயக் கழிவாக, 1500 சிசி வரையிலான கார்களுக்கு 1000 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2000 ரூபாயும் நீங்களே ஏற்க வேண்டும். மேலும், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காக 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைக்கும் போனஸ் தள்ளுபடியும், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, போய்விடும். ஆதலால் ரெசின் வேலைக்குக் கைக்காசு கொடுப்பதே இலாபம். கண்ணாடியையே மாற்ற நேரும்போது மட்டும் கோருவதைப் பற்றி யோசியுங்கள். அப்போது, பின்காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் உதவிக் கேமரா உள்ள காராக இருந்தால், அதை மறுசீரமைக்கும் கட்டணமும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பசை இறுகும்வரை வண்டியை எடுக்க அவசரப்படவும் வேண்டாம். பல கார்களில் பயணியின் காற்றுப்பை விரியும்போது முன் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது.