மங்குஸ்தான் கன்றுகள் வளராமல் நிற்கின்றன, இலை ஓரம் கருகுகிறது

கேள்வி (பொள்ளாச்சி):
தென்னந்தோப்பில் ஊடுபயிராக நட்ட மங்குஸ்தான் கன்றுகளுக்கு இது மூன்றாம் ஆண்டு. துளிர் விடுவது மிக அரிது. கோடை தொடங்கியதும் இலைகள் நுனியிலிருந்து பழுப்பேறிக் காய்கின்றன. பூஞ்சாணக்கொல்லி தெளித்தும் பயனில்லை. பாசனம் போர் தண்ணீரில்தான். உரத்தைக் கூட்டலாமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (நாகர்கோவில்):
ஐயா, பூஞ்சாண நோயென்றால் இலையின் நடுப்பரப்பிலும் புள்ளிகள் சிதறித் தெரியும். நுனியில் தொடங்கி ஓரமாகவே கருகிக்கொண்டு வருவது பெரும்பாலும் நீரிலுள்ள உப்பும் வறண்ட காற்றும் சேர்ந்து செய்யும் கேடு. தென்கிழக்காசியாவின் ஈரக் காடுகளைச் சேர்ந்த இந்த மரம் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணையும் காற்றில் நிலையான ஈரத்தையும் எதிர்பார்க்கிறது. கல்லாறு, பர்லியாறு, குற்றாலம் அரசுப் பழப்பண்ணைகளில் அது செழித்திருப்பதற்கு மலையடிவாரத்து ஈரமே முதற்காரணம். எனவே மண்ணையும் நீரையும் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு மிகுதி என்று தெரிந்தால், மழைநீரைச் சேமித்துக் கன்றுகளுக்கு மட்டுமாவது ஊற்றுவது உரத்தைவிடப் பெரிய உதவி. காற்று வரும் பக்கம் வாழையை நெருக்கி நட்டு, கன்றுகள் தேறும்வரை பாதி நிழலாவது கிடைக்கச் செய்யுங்கள்.

பதில் (தென்காசி):
உரத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். மங்குஸ்தான் வேரில் வேர்த்தூவிகள் மிகக் குறைவு. பக்கவேர்களும் மெதுவாகவே பரவுகின்றன. உறிஞ்ச வழியில்லாத வேரைச் சுற்றி ரசாயன உரத்தைக் கொட்டினால், ஏற்கெனவே உள்ள உப்போடு அதுவும் சேர்ந்து இலையை இன்னும் கருக்கும். மட்கிய தொழுவுரம் போட்டு, அதன்மேல் காய்ந்த இலைதழைகளைத் தடிமனாக மூடாக்கிட்டு, தண்டை ஒட்டாமல் விட்டுவிடுங்கள். சில மாதங்கள் கழித்து அந்த மூடாக்கை விரலால் மெல்ல விலக்கினால், மட்கிய அடுக்குக்குள் வெளிர்நிறப் புதுவேர்கள் ஏறியிருப்பதைக் காணலாம். அந்த இடத்தில் மண்வெட்டி படவே கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இவை பையிலேயே நெடுநாள் வளர்ந்த பெரிய கன்றுகள். பிடுங்கிவிட்டு வேறு நடுவதா?

பதில் (தென்காசி):
பையில் நெடுநாள் இருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் இப்போது தோண்டினால் வேர் அறுந்து உள்ளதும் போய்விடும். இவற்றை விட்டுவைத்து, பக்கத்திலேயே புதிதாகச் சிலவற்றை நடுங்கள். விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடுமாதலால், பழத்திலிருந்து எடுத்ததும் சதையைக் கழுவிவிட்டு, பருத்த விதைகளை மட்டும் ஆழமான பையில் ஊன்ற வேண்டும். மகரந்தச் சேர்க்கையின்றியே விதை உருவாவதால் கன்று தாய்மரத்தின் குணத்தையே கொண்டிருக்கும். எனினும் காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று முன்னதாகக் காய்க்கும், ஆனால் மரம் சிறுத்தே நிற்கும்.

பதில் (நாகர்கோவில்):
காய்ப்புக்கு வந்தபின் ஒன்றைக் கவனியுங்கள். மண்ணை நன்றாகக் காயவிட்டு, பழம் முதிரும் வேளையில் திடீரென நீர் பெருகினால் தோலுக்குள் மஞ்சள் பால் கசிந்து சுளை கசந்துபோகும். காய் பிடித்தது முதல் ஈரம் ஒரே சீராக இருக்கும்படி சொட்டுநீர் அமைப்பை இப்போதே திட்டமிடுவது நல்லது.