உடனிசைவு காரத்தன்மையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? அமைடு, ஆர்ஜினைன் குறித்து ஓர் ஐயம்

கேள்வி (மாணவி, இளநிலை உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு)

அனைவருக்கும் வணக்கம். அமைடு நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் அருகிலுள்ள கார்பனைல் (C=O) தொகுதியுடன் உடனிசைவில், அதாவது எலக்ட்ரான்கள் பல அணுக்கள் மீது பரவி நிலைப்புத்தன்மை தருவதில், ஈடுபடுவதால் அது காரமாகச் செயல்படுவதில்லை என்று வகுப்பில் படித்தோம். உடலின் பிஹெச் நிலையில் லைசீனின் பக்கச் சங்கிலி நேர்மின்சுமை பெற்றிருக்க, அஸ்பராஜினின் பக்கச் சங்கிலி மின்சுமையற்று இருப்பதற்கான காரணமும் இதனால் விளங்கியது. ஆனால் ஆர்ஜினைனில் மூன்று நைட்ரஜன்கள் ஒரே கார்பனுடன் இணைந்து உடனிசைவில் பங்கேற்கின்றன. அப்படியிருந்தும் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களில் அதன் பக்கச் சங்கிலியே மிகுந்த காரத்தன்மை உடையது என்கிறார்கள். ஒரே காரணம் இரண்டு எதிர் விளைவுகளை எப்படித் தர முடியும்? விதியை மனப்பாடம் செய்து தேர்வை எழுதிவிடலாம். ஆனால் இது தெளிவாகாமல் நொதிகள் பாடத்திற்குச் செல்ல மனம் வரவில்லை.

மறுமொழி 1 (கல்லூரி ஆசிரியர், கரிம வேதியியல்)

மிகச் சரியான இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். "உடனிசைவு இருந்தால் காரத்தன்மை குறையும்" என்று பாதி விதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. காரத்தன்மை என்பது புரோட்டானை ஏற்பதற்கு முன்புள்ள மூலக்கூறுக்கும் ஏற்ற பின் உருவாகும் இணை அமிலத்துக்கும் இடையிலான சமநிலை. உடனிசைவு இவ்விரண்டில் எதை அதிகமாக நிலைப்படுத்துகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு தாளில் எளிய அமைடான அசெட்டமைடை வரைந்து, அதன் நைட்ரஜனில் ஒரு புரோட்டானைச் சேர்த்துப் பாருங்கள். நைட்ரஜனின் இரட்டை எலக்ட்ரான்கள் புதிய பிணைப்புக்குப் போய்விட்டதால், கார்பனைல் நோக்கி வளைந்த அம்பு ஒன்றைக்கூட இனி உங்களால் வரைய முடியாது. முன்பிருந்த நிலைப்புத்தன்மை முழுவதும் போய்விட்டது. அதே புரோட்டானை ஆக்சிஜனில் சேர்த்து வரைந்தால் உடனிசைவு குலைவதில்லை. வலிமையான அமிலத்தில் அமைடு புரோட்டானை ஏற்பதும் ஆக்சிஜன் வழியாகத்தான். எண்களில் சொன்னால், எளிய அமீனான மெத்தில் அமீனுடைய இணை அமிலத்தின் பிகேஏ மதிப்பு (இது கூடக்கூட காரம் வலிமையானது) ஏறத்தாழ 10.6; அசெட்டமைடுக்கு அது சுழியத்தை ஒட்டியது.

இப்போது ஆர்ஜினைனுக்கு வாருங்கள். அதன் பக்கச் சங்கிலியில் மூன்று நைட்ரஜன்கள் கொண்ட குவானிடின் தொகுதி மின்சுமையற்று இருக்கும்போது, அதில் ஒரு நைட்ரஜன் கார்பனுடன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. அதன் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்திலேயே அமைந்திருப்பதால் உடனிசைவில் கலப்பதில்லை. புரோட்டானை ஏற்பவை அவையே. ஏற்ற பின் நேர்மின்சுமை மூன்று நைட்ரஜன்கள் மீதும் பரவுகிறது. அதாவது இங்கே உடனிசைவால் கூடுதலாகப் பயன்பெறுவது இணை அமிலம். பாடநூல்கள் பலவற்றில் இதன் பிகேஏ 12.5 என்றிருக்கும், அண்மைக்கால அளவீடுகள் 13.8 வரை தருகின்றன. எந்த மதிப்பை எடுத்துக்கொண்டாலும் உயிரணுவுக்குள் ஆர்ஜினைன் நேர்மின்சுமையுடனேயே இருக்கும்.

மறுமொழி 2 (ஆய்வு மாணவர், புரத அமைப்பியல்)

ஐயா சொன்னதோடு ஹிஸ்டிடினையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் அதன் ஒரே வளையத்தில் இருவகை நைட்ரஜன்களும் உள்ளன. ஹைட்ரஜனைத் தாங்கும் நைட்ரஜனின் இரட்டை எலக்ட்ரான்கள் வளையத்தின் அரோமேட்டிக் தன்மைக்குத் தேவையான ஆறு எலக்ட்ரான்களில் சேர்ந்துவிடுகின்றன. மற்றதனுடையவை வளையத்தின் தளத்தில் வெளிநோக்கி நிற்பதால் புரோட்டானை ஏற்கின்றன. அதன் பிகேஏ 6-ஐ ஒட்டி இருப்பதால், நடுநிலைக்கு அருகில் புரோட்டானை ஏற்கவும் விடவும் ஹிஸ்டிடினால் முடிகிறது. கைமோட்ரிப்சின் நொதியில் 57-ஆம் இடத்து ஹிஸ்டிடின், 195-ஆம் இடத்து செரினிடமிருந்து புரோட்டானை வாங்குவதும் பின்னர் அதை வெளியேறும் தொகுதிக்குக் கொடுப்பதும் இதனால்தான். நொதிகள் பாடத்தில் இதையே முதலில் சந்திக்கப் போகிறீர்கள்.

அமைடு உடனிசைவு புரதத்தின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது. பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான நீளம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம், சாதாரண ஒற்றைப் பிணைப்பில் அது 1.47. பகுதி இரட்டைப் பிணைப்பு என்பதால் அது எளிதில் சுழலாது; சூழ்ந்துள்ள அணுக்கள் ஒரே தளத்தில் நிற்கும். பாலிங்கும் கோரியும் பிரான்சனும் 1951-இல் புரதச் சங்கிலியின் ஆல்ஃபா சுருள் வடிவத்தை முன்மொழிந்தபோது, இந்தத் தள அமைப்பைக் கட்டாயமாகக் கொண்டே மாதிரியை அமைத்தார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. புரோட்டான் சேர்ந்த வடிவத்தையும் வரைந்து ஒப்பிட வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. அப்படியானால் மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெய்ன் மூலக்கூறில் உள்ள இரண்டு நைட்ரஜன்களில், அமைடில் இல்லாத மூவிணைய அமீன் நைட்ரஜன்தானே புரோட்டானை ஏற்கும்?

மறுமொழி 3 (மருந்தியல் துறை)

ஆம், அதுவேதான். அதன் பிகேஏ ஏறத்தாழ 7.9 என்பதால் 7.4 பிஹெச் நிலையில் மருந்தின் கால் பங்கு அளவே மின்சுமையற்று இருக்கும். நரம்பின் சவ்வைக் கடந்து செல்வது அந்தப் பங்குதான். உள்ளே சென்றபின் மீண்டும் புரோட்டானை ஏற்ற வடிவமே சோடியம் கால்வாயை முக்கியமாக அடைக்கிறது. சீழ் பிடித்து வீங்கிய ஈறில் பிஹெச் தாழ்ந்துவிடுவதால் மின்சுமையற்ற பங்கு மேலும் சுருங்குகிறது. அத்தகைய இடத்தில் ஊசி போட்டும் பல் சரியாக மரத்துப்போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.