கீனோ ஹில் வெள்ளி வட்டாரம்: இவ்வளவு தோண்டிய மலையை மறுபடியும் வரைபடமாக்குவது ஏன்?

கேள்வி: பாறைமுகம்

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை நிலவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. துறைக் கருத்தரங்கில் பேசுவதற்காகக் கனடாவின் யூகானில் உள்ள கீனோ ஹில் வெள்ளி வட்டாரத்தைப் பற்றி இரண்டு மாதங்களாகப் படித்து வருகிறேன். கலீனா மலையின் சில்வர் கிங் சுரங்கத்தில் 1913 வாக்கில் தொடங்கிய வேலை, 1919-இல் லூயி பூவெட் என்பவர் கீனோ மலையில் வெள்ளி நாளத்தை (பாறைப்பிளவில் தாது படிந்த பட்டையை) கண்டபின் சூடுபிடித்து, 1989 ஜனவரியில் யுனைடெட் கீனோ ஹில் நிறுவனம் எல்சா என்ற சுரங்க முகாமை மூடும்வரை நடந்திருக்கிறது. அதற்குள் 20 கோடி அவுன்சுக்கும் அதிகமான வெள்ளி எடுக்கப்பட்டுவிட்டது. 1950-களிலேயே கனடா நிலவியல் அளவைத் துறைக்காக மக்டாகர்ட் பாறை அமைப்பையும், பாயில் தாதுக்களையும் மண், நீர் வேதியியலையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், 2006-இல் வட்டாரத்தைக் கையேற்ற அலெக்ஸ்கோ நிறுவனம் பழைய சுரங்கங்களைச் சுற்றியே மறுபடியும் ஆய்வு செய்து புதிய தாதுவைக் கண்டிருக்கிறது. பழைய வரைபடத்தில் நாளம் முடிந்துவிட்டதாகக் காட்டப்பட்ட இடத்தில் துளையிட எந்த நம்பிக்கையில் துணிகிறார்கள்? உறைமண்ணும் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்) பாசியும் மூடி, பாறையே கண்ணில் படாத சரிவுகளில் நிலவியல் எல்லைகளை எப்படி வரைகிறார்கள்? களத்தில் வேலை செய்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வடபுலத்தான்

நல்ல கேள்வி, அம்மா. யூகானில் மூன்று கோடைகள் களப்பணி செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீனோவில் முதலில் படிக்க வேண்டியது வெள்ளியை அல்ல, வெள்ளிக்கு இடம்கொடுத்த பாறையை. அங்கே தாதுவைத் தாங்கும் முதன்மைப் பாறை, கார்பானிஃபெரஸ் காலத்தைச் சேர்ந்த கீனோ ஹில் குவார்ட்சைட் என்ற கெட்டியான, மணற்கல் உருமாறிய பாறை. அதனூடே டிரையாசிக் காலத்தில் புகுந்த பச்சைப்பாறைத் தகடுகள் (உருமாறிய எரிமலைக்குழம்புப் பாறை) இருக்கின்றன. இவற்றுக்கு மேலும் கீழும் இடையிடையேயும் ஏடுஏடாகப் பிரியும் மென்மையான சிஸ்ட் பாறை. தெற்கே ராபர்ட் சர்வீஸ் உந்துப்பிளவு, வயதில் மூத்த பாறைகளை இளைய பாறைகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. இந்த அடுக்கு முழுவதையும் பின்னர் கிரெட்டேசியக் காலத்தில் வடகிழக்காக நீண்டு தென்கிழக்காகச் சாயும் பிளவுகள் வெட்டின. அந்தப் பிளவுகளில் சிடரைட்டும் (இரும்புக் கார்பனேட்), கலீனாவும் (ஈயத் தாது), ஸ்பேலரைட்டும் (துத்தநாகத் தாது), வெள்ளி மிகுந்த ஃப்ரைபெர்கைட்டும் படிந்தவையே நாம் நாளம் என்று சொல்பவை.

ஒரே பிளவு குவார்ட்சைட்டின் ஊடே போகும்போது பாறை முறுக்கேறி உடைகிறது, இடைவெளி திறக்கிறது, தாது படிகிறது. அதே பிளவு சிஸ்ட்டுக்குள் நுழைந்ததும் பாறை வழுக்கிக்கொடுத்து, இடைவெளி களிமண் பூச்சாக மூடிக்கொள்கிறது. சுரங்கத்தில் குடைபாதை ஓட்டிப் போனவர்கள் கருஞ்சிஸ்ட்டில் அரை அங்குலக் களிமண் கோட்டைக் கண்டதும் நாளம் முடிந்தது என்று எழுதிவிட்டுத் திரும்பிய இடங்கள் உண்டு. அங்கே முடிந்தது தாதுதான், பிளவு முடியவில்லை. அடுத்த குவார்ட்சைட் அடுக்கு எந்த ஆழத்தில் வருகிறது என்பதை மேற்பரப்பு வரைபடத்திலிருந்து கணக்கிட முடிந்தால், எந்த ஆழத்தில் அந்தப் பிளவு மறுபடியும் திறக்க வாய்ப்பிருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது சிக்கல், தாது படிந்த பிறகு ஏற்பட்ட குறுக்குப் பிளவுகள். இவை வடமேற்காக நீண்டு, நாளங்களைத் துண்டுதுண்டாக நகர்த்தியிருக்கின்றன. அறுபட்ட நாளத்தின் மறுபாதியைத் தேடும்போது, வரைபடத்தில் தெரியும் விலகலை உண்மையான நகர்வாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. சாய்வான நாளம் ஒன்று செங்குத்தாக இறங்கினாலும் தளப்படத்தில் பக்கவாட்டில் நகர்ந்தது போலவே தெரியும். ஆகவே இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோடு ஒன்றைப் பிடிக்க வேண்டும். நாளமும் பச்சைப்பாறைத் தகட்டின் அடிவிளிம்பும் சந்திக்கும் கோடு இதற்கு மிகப் பொருத்தமானது. அந்தக் கோடு குறுக்குப் பிளவின் ஒரு முகத்தில் எங்கே குத்துகிறது, மறுமுகத்தில் எங்கே குத்துகிறது என்று கண்டால், இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட திசையும் தொலைவுமே உண்மையான நகர்வு. பிளவுத் தளத்தில் உராய்வுக் கீறல்கள் கிடைத்தால் அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இப்படிச் செய்வதற்குப் பச்சைப்பாறையின் எல்லையைத் துல்லியமாக வரைந்திருக்க வேண்டும். தாதுவை மட்டும் வரைந்த பழைய சுரங்கப் படங்கள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை.

மறுமொழி 2: அளவுச்சங்கிலி

வடபுலத்தான் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பழைய படங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்பதால், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு பழைய சுரங்கப் படத்தைத் திறந்தவுடன் பார்க்க வேண்டியது அதன் அலகும், இடங்களை எந்தத் திசை, எந்த அளவை அடிப்படையில் குறித்தார்கள் என்பதும். நீளம் அடியில் இருக்கும், தரம் குறுடன்னுக்கு (2,000 பவுண்டு) இத்தனை அவுன்ஸ் என்று இருக்கும். குறுடன்னுக்கு ஓர் அவுன்ஸ் என்பது மெட்ரிக் டன்னுக்கு ஏறத்தாழ 34.3 கிராம். வடக்கு என்று குறித்திருப்பது உண்மை வடக்கா, காந்த வடக்கா, சுரங்கம் தனக்கென வைத்துக்கொண்ட கட்ட வடக்கா என்று தெரியாமல் ஒரு கோட்டையும் நகலெடுக்கக் கூடாது. யூகானில் காந்த விலக்கம் சென்ற எழுபது ஆண்டுகளில் பல பாகைகள் மாறிவிட்டது. அதற்கும் மேலாக, வட அமெரிக்காவின் 1927-ஆம் ஆண்டு ஆதாரத்தளத்துக்கும் (ஆயத்தொலைவுகளை அளக்கும் அடிப்படைச் சட்டகம்) 1983-ஆம் ஆண்டு ஆதாரத்தளத்துக்கும் இடையே அங்கே நூறு மீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். இரண்டு மீட்டர் அகல நாளத்தைத் தேடுபவருக்கு நூறு மீட்டர் என்பது வேறொரு மலை. நான் ஒருமுறை ஒரு வட்டாரத்தின் சுரங்கவாய்களை இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டு, அவை அனைத்தும் ஓடைக்கு எதிர்க்கரையில் விழுந்ததைக் கண்ட பிறகே தவற்றை உணர்ந்தேன். அன்றிலிருந்து, குறைந்தது மூன்று சுரங்கவாய்களையாவது நேரில் போய் அளந்து, அவற்றின் மேல் படத்தைப் பொருத்திய பிறகே அடுத்த வேலையைத் தொடங்குகிறேன்.

இன்னொன்றையும் மாணவி மனத்தில் கொள்ள வேண்டும். 1920-களில் கீனோவிலிருந்து வெட்டிய தாதுவைக் கையால் பொறுக்கி, மூட்டை கட்டி, மேயோ என்ற ஆற்றங்கரை ஊர் வரை இழுத்துச் சென்று, ஸ்டூவர்ட் ஆற்றில் நீராவிப் படகில் ஏற்றி, பிறகு ஒயிட்ஹார்சிலிருந்து ரயிலில் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அந்த ஆற்றுக்கென்றே 1922-இல் கட்டிய ‘கீனோ’ என்ற படகு இன்றும் டாசன் நகரில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அவ்வளவு தொலைவு போகும் செலவைத் தாங்கும் தாது மட்டுமே வெட்டப்பட்டது. ஆகவே பழைய படத்தில் வெட்டிய அறையின் எல்லை என்பது அன்றைய கூலியும் படகுக்கட்டணமும் வெள்ளி விலையும் சேர்ந்து வகுத்த எல்லை. அதை நாளத்தின் எல்லையாகப் படிக்கக் கூடாது.

மறுமொழி 3: ஈரமண்

உறைமண் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். நான் படித்ததும் செய்ததும் மண், நீர் வேதியியல்.

கீனோ வட்டாரத்தில் உறைமண் தொடர்ச்சியாக இல்லை. வடக்கு நோக்கிய, பாசி அடர்ந்த சரிவுகளில் கெட்டியாக இருக்கும். தெற்கு நோக்கிய சரிவுகளில் இல்லாமலும் போகலாம். மலையுச்சியில் உறைபனி பிளந்த கற்கள் அவை பிறந்த இடத்துக்கு அருகிலேயே கிடப்பதால், கலீனா துண்டு ஒன்று கிடைத்தால் நேரே மேல்சரிவில் தேடலாம். முதல் தலைமுறையினர் பெரும்பாலும் அப்படித்தான் கண்டார்கள். தாழ்ந்த சரிவுகளில் பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண் மூடியிருக்கிறது. அங்கே கிடக்கும் கல் எங்கிருந்து வந்தது என்பதைப் பனியாறு நகர்ந்த திசையை வைத்தே சொல்ல வேண்டும்.

பாயிலின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நீரூற்றுகளைப் பற்றியது. துத்தநாகம் நீரில் எளிதாகக் கரைந்து நெடுந்தொலைவு போகும். ஈயம் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ஓடையில் துத்தநாகம் மிகுந்திருந்தால் மேலே எங்கோ நாளம் இருக்கிறது என்று பொருள். மண்ணில் ஈயம் மிகுந்திருந்தால் அருகிலேயே இருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே நிறத்தில் படமாக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். சிடரைட்டில் மாங்கனீசு கலந்திருப்பதால், நாளம் சிதைந்த இடத்தில் பாசியை உரித்தால் கரிப்பொடி போன்ற மண் கையில் ஒட்டும். அதில் பழுப்புப் பாறையை எதிர்பார்ப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அந்தக் கருமண்ணில் விரலை விட்டுத் துழாவும்போது சாம்பல்வெள்ளைப் பூச்சு படிந்த சிறு கல் ஒன்று தட்டுப்பட்டு, அளவுக்குப் பொருந்தாத கனத்தோடு உள்ளங்கையில் அமர்ந்தால், உடைத்துப் பாருங்கள். உள்ளே கலீனாவின் கனசதுரப் பளபளப்பு இருக்கும்.

வடபுலத்தான் அவர்களிடம் ஒரு சிறு மாறுபாடு. பாறை வரைபடம் முதலில் வர வேண்டும் என்பது உச்சிப்பகுதிக்குப் பொருந்தும். தாழ்ந்த சரிவுகளில் வரைவதற்குப் பாறையே தெரியாது. அங்கே 1960-களில் யுனைடெட் கீனோ ஹில் நிறுவனம் மேல்மண்ணைத் துளைத்து, மண்ணுக்கு அடியில் பாறைமுகத்தை ஒட்டிய சிதைவை எடுத்துச் சோதித்த முறையே வழிகாட்டியது. எல்சாவுக்கு அருகே ஹஸ்கி நாளம் அப்படித்தான் அகப்பட்டது.

கேள்வியாளர்: பாறைமுகம்

மூவருக்கும் நன்றி. நீரூற்று விளக்கம் நான் படித்த ஒரு படத்தையே வேறுவிதமாகப் பார்க்க வைத்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. பழைய துளைகள் சில நாளத்தைத் தாண்டியும் வெள்ளி இல்லை என்று பதிவாகியிருக்கின்றன. அந்தத் துளைகளை எதிர்ச்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாமா?

மறுமொழி 4: வடபுலத்தான்

ஈரமண் அவர்களின் திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன்.

துளையைப் பொறுத்தவரை, பாறைத்தண்டு (துளையிலிருந்து உருளையாக வெளியெடுக்கும் பாறை மாதிரி) எவ்வளவு மீட்கப்பட்டது என்ற பத்தியை முதலில் பாருங்கள். கீனோ நாளங்கள் உடைந்து நொறுங்கியவை. குவார்ட்சைட் முழுத்தண்டாக வெளிவரும். நாளம் இருந்த இடத்தில் மணலாகக் கரைந்து, துளைநீரோடு போய்விடும். மூன்று மீட்டர் துளைத்து ஒன்றரை மீட்டர்தான் கிடைத்தது என்றால், காணாமல் போன ஒன்றரை மீட்டரில்தான் பெரும்பாலும் நமக்கு வேண்டியது இருந்திருக்கும். அதனால்தான் பழைய சுரங்கத்தார் துளையை நம்பாமல் குடைபாதை ஓட்டினார்கள். இன்று உட்குழாய் பிளந்து திறக்கும் வகைத் துளைக்கருவிகளால் அந்த நொறுங்கலையும் பெருமளவு மீட்க முடிகிறது. மீட்பு எழுபது விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பழைய துளையை நான் எதிர்ச்சான்றாகக் கொள்ள மாட்டேன். நாளம் அவ்விடத்தைக் கடக்கிறது என்பதற்கான சான்றாக மட்டும் கொள்வேன்.

கீனோ வட்டாரத்தின் பெர்மிங்ஹாம் சுரங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய வேலை அங்கே மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிட்டது. நகர்ந்த துண்டுகளைப் பொருத்தி ஆழத்தில் துளையிட்ட பிறகே, 2010-களில் உயர்தரத் தாது தெரியவந்தது. 2022-இல் அலெக்ஸ்கோவை வாங்கிய ஹெக்லா நிறுவனமும் அந்தத் தாதுவை நம்பியே சுரங்கத்தை நடத்தி வருகிறது. அந்நிலம் நா-சோ நியாக் டன் முதற்குடியினரின் மரபு நிலம் என்பதையும், பழைய சுரங்கவாய்களிலிருந்து துத்தநாகம் கலந்து வடியும் நீரைச் சுத்திகரிக்கும் பணி ஆய்வோடு சேர்ந்தே நடக்கிறது என்பதையும் உங்கள் உரையில் விட்டுவிடாதீர்கள்.

உரைக்கு ஒரே ஒரு படம் போதும். ஒரு நாளத்தின் நீள்வெட்டுமுகத்தை எடுத்து, வெட்டிய அறைகளைக் கோடுகளால் காட்டி, அவற்றுக்கு அடியில் குவார்ட்சைட்டுக்கு ஒரு நிறமும், பச்சைப்பாறைக்கு ஒரு நிறமும், சிஸ்ட்டுக்கு ஒரு நிறமும் தீட்டுங்கள். மீட்புக் குறைந்த துளைகளை வெற்று வட்டமாகவும் மற்றவற்றை நிறைவட்டமாகவும் குறியுங்கள். வரைந்து முடித்ததும் இங்கே பதிவிட்டால், அடுக்குகளின் சாய்வுக் கோணங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.